காலஞ்சென்ற பையின் வாரிசு

எங்கள் நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை உண்டு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உண்டு. புதிதாக வரும் ஒவ்வொரு அமைச்சரும் பதவி ஏற்றதும் முதல் வேலையாகத் தடையை அறிவிப்பார். போன அமைச்சர் போட்ட தடை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது மரியாதைக் குறைவு. அந்தப் பையை நாங்கள் கவேரா என்போம். கம்பாலாவின் பள்ளத்தில் இருக்கும் எங்கள் புவைசே சந்தையில் தக்காளி போவதும் கவேராவில், மீன் போவதும் கவேராவில். தடைச் செய்தி வந்த அன்று, செய்தித்தாள் மழையில் நனையக் கூடாது என்று அதையும் கவேராவில் சுற்றித்தான் விற்றார்கள்.

நான் தக்காளிக்காரி. பெயர் நஜ்ஜெம்பா. எனக்குப் பக்கத்தில் கவேரா விற்றுக்கொண்டிருந்தவரை எல்லோரும் சலோங்கோ என்று கூப்பிடுவோம். இரட்டைப் பிள்ளை பெற்ற தகப்பனுக்கு எங்கள் மக்கள் கொடுக்கும் பட்டம் அது; பெற்றவளுக்கு நலோங்கோ. ஒரு முறை வந்த பட்டம் பிறகு போகாது, பிள்ளைகளில் ஒன்று போனாலும்.

போன பெருமழையில் ஒன்று போயிற்று. கால்வாய் சாலையைக் கடக்கும் குழாயின் வாயைக் கவேரா அடைத்துக்கொண்டது. தண்ணீர் திரும்பி வீடுகளுக்குள் வந்தது. இரட்டையரில் இளையவள் நகாட்டோவை அது வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போயிற்று. சலோங்கோவும் மற்றவர்களும் குழாய் வாயிலிருந்து கவேராவை அள்ளி அள்ளிப் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் அவள் இருந்தாள். இரட்டையரில் ஒருவர் செத்தார் என்று எங்களில் யாரும் சொல்ல மாட்டோம், பறந்துவிட்டார் என்போம். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அதற்குப் பிறகு சலோங்கோ கவேரா விற்கவில்லை. மிச்சமிருந்த சரக்கை எரித்தால் புகை, எறிந்தால் கால்வாய். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார். சந்தையில் மூட்டை தூக்கினார். இன்னொருத்தி பபிரியே, நல்லபடியாக இருந்தாள். அடுத்த பெருமழை வரும்போதும் அவள் நல்லபடியாக இருக்க வேண்டும். அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் வேறு வேண்டுதல் இல்லை. "வேற இடம் போயிடேன்" என்று ஊரார் சொல்வார்கள். போக இடம் இருந்தால் புவைசேயில் யார் இருப்பார்கள்?

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் கெமிகிஷா வந்தாள். மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். கையில் ஒரு பை. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் பழுப்பு.

"இது மரவள்ளி மாவுல பண்ணினது, ஞாபோ," என்றாள் என்னிடம். பெண்களுக்கு ஞாபோ, ஆண்களுக்கு செபோ என்போம்; மரியாதை தெரிந்த பெண். "வெறும் மாவுன்னா ஈரம் பட்டதும் குழைஞ்சிடும். அதனால வாழைத்தண்டுல நாரெடுத்து, அந்த நாரையும் பிரிச்சுப் பிரிச்சு, ஒரு தலைமுடிய ஆயிரக்கணக்குல கிழிச்சா எவ்வளவு மெலிசோ அவ்வளவு மெலிசாக்கி உள்ள கலந்திருக்கோம். நானோ நார்னு பேரு. மண்சுவருக்குள்ள நாணல் வெச்சுக் கட்றோமில்ல, அந்த மாதிரி."

நான் அவளை நம்பவில்லை. கழுவின தக்காளியை ஈரத்தோடு நிறையப் போட்டு ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் வரை தொங்கியது. தக்காளிதான் வாடியது.

சலோங்கோ ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கால்வாய்ல கிடந்தா?"

"ஊறும். பிய்யும். அடைக்காது. மண்ணுல போட்டா அடுத்த மழைக்குள்ள மண்ணாயிடும்."

அவர் அந்தப் பையை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நான் விக்கிறேன்மா," என்றார். "சந்தை பூரா விக்கிறேன். எவ்வளவு பண்ண முடியும்னு சொல்லு."

விற்க ஆரம்பித்த முதல் காலையிலேயே சந்தை ஆய்வாளர் வந்து பைக் கட்டைப் பறித்தார்.

"சான்று எங்க?"

"சுத்தி முத்தியும் பாருங்க செபோ," என்றேன் நான். "எல்லாரும் கவேரால போடுறாங்க. அவங்கள விட்டுட்டு இவரப் பிடிக்கிறீங்களே?"

ஆய்வாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஞாபோ, கவேரா தடைசெஞ்ச பொருள். தடைசெஞ்ச பொருளுக்கு எப்படிச் சான்று கேக்கிறது? சட்டப்படி அது இங்க இல்லவே இல்ல. இவரு பை சட்டத்துக்கு உட்பட்டது. அதனாலதான் பிடிக்கிறேன்."

இப்படியாக நாங்கள் தேசிய மக்குதல் ஆணையத்துக்குப் போனோம். நானும் போக வேண்டியதாயிற்று. விண்ணப்பத்தோடு பொதுமக்களில் ஒரு சாட்சி வேண்டுமாம். ஆணையம் குன்றின் மேல் இருந்தது. கம்பாலாவில் ஆணையங்கள் எல்லாம் குன்றின் மேல்தான் இருக்கும். தண்ணீர் எங்களைப் பார்த்துக் கீழே வரும்.

அங்கே இரண்டு பிரிவுகள். ஒன்று உறுதிப் பிரிவு, மற்றது மக்குதல் பிரிவு. இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. உறுதிப் பிரிவில், முடிக்காமல் கிடந்த பழைய விண்ணப்பக் கட்டுகளைப் பைக்குள் திணித்துச் சுவர்க் கொக்கியில் தொங்கவிட்டார்கள். பை தாங்கியது, கொக்கிதான் சுவரோடு பெயர்ந்து வந்தது. "உறுதியானது" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு மக்குதல் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்தவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உறுதியான பொருள்னு நீங்களே எழுத்துல ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க. உறுதியானது எப்படி மக்கும்? என்னை என்ன முட்டாள்னு நினைச்சீங்களா?"

முடிவாகத் தலைமை ஆணையர் பியாருஹங்காவின் அறைக்கு அனுப்பினார்கள். பெரிய மனிதர், பெரிய மேசை. மேசைமேல் பிளாஸ்டிக் பூச்சாடி, அதில் பிளாஸ்டிக் பூ, அதன்மேல் தூசி படியாமல் ஒரு பிளாஸ்டிக் உறை.

"இந்த நானோங்கிறது என்ன?"

"ரொம்பச் சின்ன நார், செபோ," என்றாள் கெமிகிஷா.

"எங்க, காட்டுங்க."

"கண்ணுக்குத் தெரியாது, செபோ."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? நாளைக்குத் தணிக்கைக்காரன் வந்து, இருக்கான்னு கேட்டா?"

அவள் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கோரைப்பாய்."

"இல்ல செபோ. அந்த நாரை லட்சம் மடங்கு பெருசாக்கி எடுத்த படம்."

"பெருசாக்கிட்டீங்கன்னா அப்புறம் அது சின்னது இல்லயே! அரசாங்கத்துக்கிட்ட உள்ளதை உள்ளபடி காட்டணும், டாக்டர். அசல் அளவுல ஒரு படம் குடுங்க."

கெமிகிஷா தன் கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்றும் எழுதாத, ஒன்றும் அச்சடிக்காத தாள். ஆணையர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"இதை முதல்லயே குடுத்திருந்தா எல்லாருக்கும் நேரம் மிச்சமாகியிருக்குமே," என்று சொல்லி அதில் முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தார்.

வெளியே வந்து நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கெமிகிஷா சிரிக்கவில்லை. சலோங்கோ, "முத்திரை விழுந்திடுச்சில்ல? அப்ப நல்லதுதானே?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கட்டம் புதைத்துப் பார்ப்பது. இந்தப் பை ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்கக் கவேரா ஒன்று. கவேராவைச் சலோங்கோவே கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் ஒரே குழியில் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும், அவ்வளவுதான். என் மகனிடம் மண்வெட்டியைக் கொடுத்திருந்தால் டீ ஆறுவதற்குள் முடித்திருப்பான். ஆணையம் பந்தல் போட்டது. பந்தலைக் கொடுத்தவர் ஒரு கவேரா ஆலை முதலாளி. முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு தண்ணீர் பாட்டில். அமைச்சர் வந்தார். நாட்டுப்பண், ஜெபம், பிறகு ஆணையரின் உரை.

"அனைவருக்கும் உரிய வணக்கங்கள் ஏற்கெனவே செலுத்தப்பட்டதாகக் கருதுகிறேன்," என்று தொடங்கி, அனைவருக்கும் பெயர் பெயராக வணக்கம் செலுத்தினார். பந்தல் நிழல் நகர்ந்து வெயில் எங்கள் மேல் வந்துவிட்டது. "பெரியோர்களே! இந்த ஆணையம் தொடங்கப்பட்டபோது இந்த நாட்டில் ஒரு பைகூட மக்கியதில்லை. அன்று நம்மிடம் என்ன இருந்தது? ஒரு அறை, ஒரு மேசை. இன்று பாருங்கள்! மூன்று மாடி, ஆறு வண்டி, வெளிநாட்டுப் பயிற்சி பெற்ற அதிகாரிகள். இன்றைக்கும் ஒரு பைகூட மக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அன்று மக்கவில்லை என்று நமக்குத் தெரியாது. இன்று தெரியும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அமைச்சர் தன் கையால் இரண்டு பைகளையும் குழியில் இட்டு மண் தள்ளினார்.

அங்கேதான் கோளாறு நடந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எங்கள் ஊரில் கொஞ்சம் வசதியுள்ளவர்கள் தங்கள் ஆளை வெறும் மண்ணுக்குக் கீழே விட்டுவிட்டு வர மாட்டார்கள். சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, மேலே தகரக் கூரை போட்டால்தான் மனது ஆறும். அமைச்சர் கையால் புதைத்ததை நாதியற்றவன் குழி மாதிரி விட்டால் ஆணையத்துக்கு என்ன மானம்? கட்டடப் பிரிவினர் மறுநாளே நாலு புறமும் சிமெண்ட் சுவர் எழுப்பி, மேலே வெள்ளை டைல்ஸ் பதித்து, கூரையும் போட்டுவிட்டார்கள். நானும் சலோங்கோவும் போய்ப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. சலோங்கோ தன் துண்டால் டைல்ஸைத் துடைத்துவிட்டார். நான் கொஞ்சம் பூக்கூட வைத்தேன். படித்தவர்கள் செய்கிறார்கள், ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்தோம்.

சின்ன மழைக்காலம் வந்தது. சலோங்கோ எங்கிருந்தோ ஒரு உயரமான மேசை வாங்கி வந்து, அதன்மேல் பாய் விரித்துப் பபிரியேயைப் படுக்க வைத்தார். தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. நலோங்கோ அந்த இரவுகளில் தூங்கவேயில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

மழை ஓய்ந்ததும் குழியைத் திறந்தார்கள். சுத்தியலும் உளியும் வேண்டியிருந்தது. உள்ளே மண் பொடிப்பொடியாக உலர்ந்து கிடந்தது. இரண்டு பையும் கடையில் வாங்கியது போல இருந்தன. "இரு பைகளும் சமமாக மக்கவில்லை" என்று அறிக்கை எழுதினார்கள்.

கெமிகிஷா அன்றுதான் அந்த டைல்ஸைப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, செபோ! சிமெண்டுக்குள்ள ஈரம் எப்படிப் போகும்? புழு எப்படிப் போகும்? மண்ணு இல்லாம எது மக்கும்?"

ஆணையரின் முகம் சுருங்கிவிட்டது. "நாங்க மரியாதை செஞ்சத நீங்க குத்தம் சொல்றீங்க, டாக்டர். டைல்ஸ் இத்தாலி டைல்ஸ்."

அவள் நடையாய் நடந்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மறுபடி புதைக்க அனுமதி வாங்கினாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இந்தத் தடவை ஆணையத்துச் சமையற்கட்டுக்குப் பின்னால், வாழைக்கூட்டத்தின் அடியில். அமைச்சர் இல்லை, அதனால் சிமெண்டும் இல்லை.

பெருமழைக்குக் கொஞ்சம் முன்னால் தோண்டினார்கள். கறுத்த, ஈரமான மண். கொழுத்த மண்புழுக்கள். அதற்குள் கவேரா மட்டும், போட்டது போட்டபடி. பக்கத்தில் ஒன்றும் இல்லை. கெமிகிஷா விரல்களால் மண்ணைச் சலித்துச் சலித்துப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். சலோங்கோ குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்து ஒரு மனிதன் சந்தோஷத்தில் அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

ஆணையர் குழியை எட்டிப் பார்த்தார். "மாதிரி எங்க?"

"மக்கிடுச்சு, செபோ!"

"ரொம்ப சந்தோஷம். மக்கின மாதிரிய எடுத்து மேசைமேல வைங்க. மாதிரி மேலதான் முத்திரை குத்தணும், அதுதான் விதி."

"மக்கிப்போச்சு செபோ. இல்ல. அதுதானே சோதனை?"

"இல்லாதது மேல எப்படிம்மா முத்திரை குத்துறது?"

"நானோ நாருக்கு வெள்ளைத்தாள்ல குத்தினீங்களே!" என்றேன் நான். வாயை அடக்க முடியவில்லை.

"அங்க தாள் இருந்தது, ஞாபோ," என்றார் அவர், பொறுமையாக.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிற்று. அரசாங்கக் காவலில் இருந்த பொருள் காணவில்லை. விசாரணை வைத்தார்கள். குப்பையில் மேயும் வழுக்கைத் தலைப் பெருநாரைகள் மேல் ஒரு சந்தேகம், கறையான் மேல் ஒரு சந்தேகம், சலோங்கோ மேல் ஒரு சந்தேகம். போலீஸ்காரர் ஒருவர் வந்து அவரை எதிரில் உட்கார வைத்துக் கேட்டார்: "கடைசியா எப்பப் பாத்தீங்க? பக்கத்துல யாரு இருந்தா? ஏன் தனியா விட்டீங்க?"

அந்தக் கேள்விகளை நகாட்டோ போனபோதும் ஒரு போலீஸ்காரர் கேட்டிருந்தார். நான்தான் எழுந்து அந்த ஆளைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

வழி கண்டுபிடித்தவர் ஆணையர்தான். குழுவைக் கூட்டினார்.

"நாம வேரில்லாதவங்க இல்ல. நம்ம மரபுல ஒருத்தர் போயிட்டா என்ன பண்றோம்? ஆளைக் காணோம்னு கோப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோமா? சாவுத்துக்கம் கழிக்கிறோம். எல்லார் முன்னாடியும் வாரிசை நிறுத்துறோம். போனவருக்கு உள்ளதெல்லாம் வாரிசுக்கு. பைக்கும் அதைச் செய்வோம்!"

குழுவே எழுந்து நின்று கைதட்டியதாம். வாரிசு ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைவுபடுத்தினார். பைக்கு உறவு யார்? ஒரே குழியில் பக்கத்தில் படுத்திருந்தது யார்? ஒன்றல்ல, இரண்டு குழியிலும்?

துக்கம் கழிக்கும் நாள் மேளத்தோடு தொடங்கியது. பந்தல் அதே முதலாளி கொடுத்தது. வாழைக் கள், வாழைக்காயை வேகவைத்து மசித்த மத்தோகே, நிலக்கடலைக் குழம்பு. எங்கள் வீடுகளில் வாரிசைக் கூட்டி வருவது போலவே கவேராவை மரப்பட்டைத் துணியில் சுற்றி, ஒரு முக்காலிமேல் உட்கார வைத்து, பக்கத்தில் ஈட்டி ஒன்றையும் சாய்த்து வைத்தார்கள். காற்றில் பறந்துவிடாமல் அதன்மேல் ஒரு கல். எனக்குச் சிரிப்பு வந்தது. சலோங்கோவின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

ஆணையர் சம்பிரதாயப்படி கேட்டார். "இந்த வாரிசை ஏத்துக்க மாட்டேன்னு சொல்றவங்க யாராவது இருக்கீங்களா?"

சலோங்கோ எழுந்தார். ஒரு வருடமாக அந்த இடத்துக்கு வந்து போகிறவர், அன்றைக்குத்தான் முழுதாகப் பேசினார்.

"செபோ, வாரிசுன்னா போனவன் செஞ்ச வேலைய இவனும் செய்யணும். எங்க பை செஞ்ச வேலை என்ன? தக்காளியத் தூக்குச்சு, அப்புறம் போயிடுச்சு. அதுதான் அதோட வேலை. இது போகுமா?"

"நல்ல கேள்வி," என்றார் ஆணையர். "ஆனா சலோங்கோ, பதவிக்கு வந்த அன்னிக்கே எந்த வாரிசும் எல்லாத்தையும் செஞ்சிட மாட்டான். காலம் குடுக்கணும். ஒரு நானூறு வருஷம் குடுத்துப் பாருங்க."

"என் பொண்ணக் கொண்டுபோனது இதுதான், செபோ."

மேளக்காரன்கூடக் கையை எடுத்துவிட்டான். ஆணையர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு; முகத்தில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது. "எல்லாரும் எந்திரிங்க," என்றார். "சலோங்கோவோட குழந்தைக்கு ஒரு நிமிஷம் மௌனம்." எல்லோரும் எழுந்தோம். பாதி நிமிடத்தில் அவர் கண்ணைத் திறந்து, "மறைந்த பைக்கும் சேர்த்து," என்றார், தனியாக இன்னொரு முறை எழ வேண்டாம் என்று.

பிறகு கவேராமேல் முத்திரை குத்தினார்கள். அடுத்த வாரமே சந்தைக்குக் கட்டுக் கட்டாக வந்தது: பழைய கவேராதான், மேலே பச்சை முத்திரை, "மக்கும் தன்மை சான்றளிக்கப்பட்டது". முத்திரை இருக்கிறதா என்று ஆய்வாளர் இப்போது உற்சாகமாகச் சோதனை செய்தார். கெமிகிஷாவின் விண்ணப்பம், விண்ணப்பித்த பொருள் காலமாகிவிட்டபடியால் மூடப்பட்டது. அவள் வந்து சலோங்கோவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ என்னம்மா பண்ணுவ," என்றார் அவர். "நல்ல பை. நல்லாவே மக்குச்சு."

பெருமழையின் முதல் அடி ஒரு மதியத்தில் வந்தது. வானம் இருட்டி, கூரைத் தகரத்தில் கல் விழுவது போல விழுந்தது. சந்தைக்குள் தண்ணீர் ஓடிவரும் வேகத்தைப் பார்த்ததுமே குழாய் வாய் அடைத்துவிட்டது என்று தெரிந்தது. நான் போவதற்குள் சலோங்கோ மார்பளவு தண்ணீரில் நின்று அள்ளிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு பேர். அள்ளி எறிய எறிய வந்துகொண்டே இருந்தது. கரையில் பச்சை முத்திரைகள் குவிந்தன.

சாலையில் ஒரு பெரிய வெள்ளை வண்டி வந்து தண்ணீரில் நின்றுவிட்டது. கதவில் ஆணையத்தின் சின்னம். பின்சன்னல் கண்ணாடி இறங்கியது.

"ஞாபோ! ஒரு ரெண்டு கவேரா கிடைக்குமா? ஷூவுல கட்டிக்கிட்டா மேடு வரைக்கும் நடந்திடுவேன்."

ஆணையர்தான். எங்களை அடையாளம் தெரியவில்லை. மழையில் எல்லா ஏழைகளும் ஒரே மாதிரிதான் இருப்போம்.

"இருக்கு செபோ," என்றேன். "வேணுங்கிற மட்டும் இருக்கு. அதோ அந்த மனுஷன் நிக்கிற இடத்துல இறங்கிக் கைய விட்டீங்கன்னா கிடைக்கும்."

அவர் தண்ணீரைப் பார்த்தார். கண்ணாடி மேலே ஏறியது.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து நலோங்கோ அலறினாள். மேசை மிதக்கிறதாம். சலோங்கோ கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடவும் முடியாமல் நீந்தவும் முடியாமல் போனார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்டவனே, இதையும் எடுக்காதே, இதையும் எடுக்காதே என்று வாய்விட்டுக் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். அவர் திரும்பி வரும்போது பபிரியே அவர் கழுத்தில் இருந்தாள். பின்னால் நலோங்கோ அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்ணுக்கெட்டியவரை தண்ணீருக்கு மேலே இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் நேராக அங்கே போய்ப் பிள்ளையைத் தூக்கி அந்த வண்டியின் கூரைமேல் வைத்தார். தாயையும் ஏற்றிவிட்டார்.

கண்ணாடி விரலளவு இறங்கியது. "யாரது மேல? இது அரசு வாகனம்! அனுமதியில்லாம ஏறக் கூடாது!"

"அவ இறங்கினதும் விண்ணப்பிக்கிறேன், செபோ," என்றார் சலோங்கோ. மறுபடி குழாயை நோக்கிப் போய்விட்டார்.

தண்ணீர் கதவுப் பிடிவரை ஏறியது. கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முன்சன்னல் வழியாக ஓட்டுநர் வெளியே வந்தான். பின்னால் தலைமை ஆணையர் பியாருஹங்கா ஒரு காலில் ஷூ இல்லாமல், கோட்டோடு, சன்னலில் மாட்டிக்கொண்டு தவித்தார். நானும் ஓட்டுநரும் கீழிருந்து தள்ளினோம். நலோங்கோ மேலிருந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

பபிரியே நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தாள்.